சேவுகம்பட்டிப் பந்தலில் ஒரு கோணக்காய்

போன பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கி பங்குனி வரைக்கும் ஆறு தடவை மதுரைக்கும் சேவுகம்பட்டிக்கும் போய் வந்தேன். கோயில் இல்லை, அருவி இல்லை, கல்யாணமும் இல்லை. பாகற்காய் விதை எடுக்கப் போனேன். இப்படிச் சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் விதை மாதிரி எடுக்க வயல்களுக்கு அலைகிற ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் வழி, செலவு, நான் பட்ட பாடு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பாகல் விதையில் அப்படி என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலை, எள், சூரியகாந்தி, எதை ஆட்டினாலும் வருகிற எண்ணெயில் பெரும்பாலும் அதே நாலைந்து கொழுப்பு அமிலங்கள்தான். சில செடிகள் மட்டும் தனிப்போக்கு. ஆமணக்கு விதை ஒரு விநோத அமிலத்தைச் செய்கிறது. விளக்கெண்ணெய் அவ்வளவு கொழகொழப்பாக இருப்பது அதனால்தான். பாகல் விதை செய்வது எலியோஸ்டியரிக் அமிலம். அந்த எண்ணெயைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி வைத்தால் சில நாளில் காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும். பெயிண்ட், வார்னிஷ் செய்கிறவர்களுக்கு இந்தக் குணம் வேண்டும். நாம் பொரியலுக்கு அரியும்போது வழித்துக் குப்பையில் போடுகிற விதைதான் அது.

ஆமணக்கிலும் பாகலிலும் இந்த வேலையைச் செய்கிற ஜீன்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாச் செடியிலும் சாதாரண எண்ணெய் செய்ய ஒரு ஜீன் உண்டு. அது எப்போதோ இரட்டித்து, இரண்டாவது பிரதி கொஞ்சம் கொஞ்சமாக மாறி, வேறு வேலைக்குப் போய்விட்டது. இதுவரை தெரிந்த கதை. ஆனால் பாகலின் அந்த ஜீனை மட்டும் எடுத்து வேறு செடிக்குள் வைத்தால் அந்த அமிலம் பேருக்குத்தான் வருகிறது. பாகல் விதையிலோ பாதி எண்ணெய் அதுதான். ஆக, கூட நின்று கைகொடுக்கிற ஜீன்கள் வேறு இருக்கின்றன. அவை எவை, விதையின் எந்த வயதில் விழிக்கின்றன என்பதுதான் என் ஆய்வு.

அதற்கு வயது தெரிந்த விதை வேண்டும். பூ மலர்ந்த நாளிலிருந்து பதினைந்து, இருபது, இருபத்தைந்து நாள் ஆன விதைகள். கடையில் வாங்க முடியாது; மார்க்கெட்டுக்கு வருகிற காய்க்கு வயது யார் சொல்வது? அதுபோக, காயை அறுத்த நிமிடமே விதையைத் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. கொஞ்சம் தாமதித்தாலும் சிதைந்துபோகும். என் உதவித்தொகை முடியப்போகிறது, பதிவுக்கு வாங்கின நீட்டிப்பும் இதுதான் கடைசி. இந்த மாதிரிகள் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே கிடையாது.

சும்மா சேவுகம்பட்டி போகிறவர்கள் மதுரை ஆரப்பாளையத்தில் நேராக வத்தலக்குண்டு பஸ் ஏறிக்கொள்ளலாம். நான் திண்டுக்கல் சுற்றிப் போனதற்குக் காரணம் நைட்ரஜன். ஒரு தடவை மதுரையிலிருந்தே கேனோடு பஸ் ஏறப் பார்த்தேன். கண்டக்டர் கேனின் மூடியில் புகை வருவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒன்னோட சேத்து அம்பது பேரையும் மேல அனுப்பப் பாக்குறியா?" என்று இறக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆவி நிறைந்தால் மூச்சு முட்டும் என்பதால் மூடின வண்டியில் அதைக் கொண்டுபோகவும் கூடாது.

அப்புறம்தான் யோசனை வந்தது. கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் இதே நைட்ரஜன் கேனைத்தான் பைக்கில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். விசாரித்ததில் திண்டுக்கல் நாகல் நகரில் செல்வராஜ் அண்ணன் கிடைத்தார். மூன்று லிட்டர் கேன் ஒரு நாள் வாடகை, நைட்ரஜனோடு சேர்த்து அறுநூறு ரூபாய். கேனின் வாய் குறுகல், சின்னக் குப்பிகளாகக் கொண்டுபோங்கள்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து நாகல் நகருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கிருந்து சேவுகம்பட்டிக்கு அதே ஆட்டோதான். இரண்டு பக்கமும் திறந்த வண்டி, நைட்ரஜனுக்குப் பத்திரம். ஆரோக்கியம் அண்ணன் என்பவர் போகவர, காத்திருப்பும் சேர்த்து ஆயிரத்து நானூறு கேட்டார். அவர் வண்டி மீட்டரில் ஒரு வழி முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது. திண்டுக்கல் பிரியாணி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். கேனுக்காக இந்த வழியில் போன இரண்டு தடவையும் கடை வாசலைத் தாண்டிப் போனேன், நிற்க நேரமில்லை. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் தீர்த்துக்கொள்கிறேன்.

பந்தல் சுப்பையா அண்ணனுடையது. கல்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, ஒன்றேகால் ஏக்கர் நாட்டுப் பாகல். அவர் காய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய், அங்கிருந்து கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. நான் முதலில் போய் விஷயத்தைச் சொன்னபோது, "காய்தான, எடுத்துக்கங்க டீச்சர்" என்று ஒரே வரியில் சம்மதித்தார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே தொடங்கி, ஐந்து ஐந்து நாள் இடைவெளியில் மூன்று காலை போனேன். அன்றைக்கு மலர்ந்த பெண்பூ ஒவ்வொன்றின் காம்பிலும் உல்லன் நூல் கட்டினேன். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண்பூ, அவ்வளவுதான். முதல் நாள் சிவப்பு, அடுத்தது மஞ்சள், கடைசியாக நீலம். நூல் கட்டியதைப் பறிக்கக் கூடாது என்று சுப்பையா அண்ணனிடம் சொன்னேன். அவர் காய் பறிக்க வருகிற பெண்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லியும் இருக்கிறார்.

விதை எடுக்க வேண்டிய நாள் வந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தபோது எதிரே வந்த ஒரு பெரியவர், "எந்த வீட்டு மாட்டுக்கும்மா ஊசி?" என்றார். பாகற்காய்க்கு என்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டு, நான் போகிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்தலுக்குள் குனிந்து நுழைந்தேன். நூல்கள் இருந்தன. கட்டியிருந்த காயெல்லாம் நல்ல நீட்டுக் காய், ஒன்றுகூடக் கோணல் இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிவப்பு நூல் காய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், பிஞ்சு. சிவப்பு நூல் இருபத்தைந்து நாள் காயில் அல்லவா இருக்க வேண்டும்? பக்கத்திலேயே நீல நூலோடு ஒரு காய், பழுத்து ஆரஞ்சு நிறத்தில் வெடிக்கத் தயாராகத் தொங்கியது. நீலம் பதினைந்து நாள். பதினைந்து நாளில் எந்தப் பாகல் பழுக்கும்?

வெளியே வந்து, கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன்.

"யாருக்கா இந்த நூலையெல்லாம் மாத்திக் கட்டுனது?"

"நாந்தேன். ஏன் டீச்சர்?" என்றார் மாரியம்மாள் அக்கா. காய் பறிக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைமை. நாற்பத்தைந்து வயது இருக்கும், குரல் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும்.

"ஏன்க்கா மாத்துனீங்க?"

"நீங்க கட்டுனதுல பாதி கோணக்காயி, ஈ குத்துன சொத்தக்காயி. நூலு கட்டுனா விதைக்காயின்னு அர்த்தம். விதைக்குப் போயி கோணக்காய விடுவாகளா? டவுன்காரவுகளுக்கு வெளங்கல போலன்னு நாங்கதேன் நல்ல காயாப் பாத்து மாத்திக் கட்டி வச்சோம். ஒரு நூலுகூடத் தொலையல, எண்ணிப் பாத்துக்கங்க."

அந்தப் பக்கத்தில் நாட்டு ரகம் போடுகிற தோட்டங்களில் அதுதான் வழக்கமாம். கொடியிலேயே நல்ல காயாகப் பார்த்து, துணிக்கிழிசலோ நூலோ கட்டி, விதைக்கென்று விட்டுவிடுவார்கள். பறிக்க வருகிறவர் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். என் நூல் எதற்கு என்று நான் சுப்பையா அண்ணனிடம் சொன்னேன், அவர் 'பறிக்காதீங்க' என்பதை மட்டும் இவர்களிடம் சொன்னார். மீதியை இவர்களே புரிந்துகொண்டார்கள்.

"நான் கட்டுன காயெல்லாம் எங்கேக்கா?"

"கோணலையெல்லாம் அறுத்து ஆட்டுக்குப் போட்டாச்சு. நல்லதுல எது நீங்க கட்டுனது, எது நாங்க கட்டுனதுன்னு இப்பத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் கண்ணு மண்ணு தெரியவில்லை. "உங்கள யாரு நூலத் தொடச் சொன்னா? என் ஒரு மாச உழைப்ப ஆட்டுக்குப் போட்டுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். மாரியம்மாள் அக்காவும் சும்மா இருக்கவில்லை. "நல்லதுக்குத்தேன செஞ்சோம்? எங்க மேல பாயுறீக! இன்னின்ன மாதிரின்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?" என்றார். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். கேன் பாட்டுக்கு ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது.

ஆரோக்கியம் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இருக்கற காயில பிஞ்சு, நடு, முத்தல்னு பிரிச்சு எடுத்துட்டுப் போயிருங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் அது தோன்றியது. குப்பிகளில் வயதை வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தேன். விதையை உள்ளே போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பார்வைக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு காய்க்குள் நாலைந்து நாள் வித்தியாசம் இருக்கும். அந்த நாலைந்து நாளுக்குள்தான் நான் தேடுகிற ஜீன்கள் விழிக்கின்றன. தப்பான வயதை எழுதிவிட்டு எந்த ஜீன் எப்போது விழித்தது என்று சொன்னால், அது கதை எழுதுவது. என் வழிகாட்டிக்கு போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வயசு தெரியாத விதை நமக்கு வேண்டாம்மா. கிளம்பி வந்துரு" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

சுப்பையா அண்ணனும் வந்தார். மறுபடி கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கொடிக்கு வயதாகிவிட்டது, திங்கட்கிழமை அறுத்துவிட்டு செண்டுமல்லி நடப்போகிறார், நாற்றுக்கும் சொல்லிவிட்டார். அவர் பிழைப்பு அது.

குறுக்கே வந்தது மாரியம்மாள் அக்கா. "அண்ணே, மோட்டார் ரூமு ஓரத்துல இருக்கற அந்த ஒரு வரிசய மட்டும் விட்டுட்டு அறுங்க."

"வெளையாடுறியா? ஒத்த வரிச நின்னா ஊரு ஈ அம்புட்டும் அதுலதேன் வந்து அடையும்."

"அடஞ்சாலும் அது பாகலத்தேன குத்தும்? ஒங்க செண்டுமல்லிய என்ன செய்யப்போகுது? அந்தப் புள்ள அழுகுறது கண்ணுக்குத் தெரியலயா?"

சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். "நாலே வாரம். அதுக்கு மேல ஒரு நாளு கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நான் விடியக்காலம் வந்து கட்டிட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"வயசான கொடி டீச்சர். இன்னைக்கு ரெண்டு பூ பூக்கும், நாளைக்கு ஒண்ணும் இருக்காது. அம்புட்டுத் தூரத்துலருந்து தெனம் வருவீகளா? நூல என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

நூலைக் கெடுத்தவரிடமே நூலைக் கொடுப்பதா? எனக்கு மனசு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வேறு வழியும் இல்லை. இந்தத் தடவை உட்காரவைத்து முழுசாகச் சொன்னேன். பையில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருந்தேன், ஆய்வகத்தில் பாகல் விதை எண்ணெய் தடவிக் காய வைத்தது. அதை அக்கா கையில் கொடுத்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது எண்ணெயா? இம்புட்டுக் காஞ்சு கெடக்கு?"

"பாகல் விதை எண்ணெய்க்கா. விதை எந்த வயசுல இத எப்படிச் செய்யுதுன்னுதான் பாக்குறேன். காய் அழகா இருக்கா, கோணலா இருக்கான்னு எனக்குக் கவலையே இல்ல. பூத்த நாள் மட்டும்தான் வேணும். கட்டுன நூல் கட்டுன எடத்துலயே இருக்கணும்."

"கோணலாப் போனாலும்?"

"கோணலாப் போனாலும். நான் சொல்றவரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது."

"செரி," என்று மூன்று நூல் கண்டையும் மடியில் செருகிக்கொண்டார். கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் கெடக்கு, செத்த நேரம் இருந்து சாப்டுட்டுப் போங்க" என்று தூக்குவாளியைத் திறந்தார். சோறும் பருப்பும், வெஞ்சனத்துக்குப் பாகற்காய் வறுவல். அன்றைக்குப் பாகற்காயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாலு வாரமும் அக்கா மகளின் போனிலிருந்து படம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பூ, ஒரு நாள் நூல். ஒரு நாள் நூலே தெரியாமல் வெறும் இலை மட்டும், அதையும் சேமித்து வைத்தேன். நடுவில் ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தேன். மற்ற வரிசையெல்லாம் அறுத்து, கல்கால்கள் மொட்டையாக நின்றன. மோட்டார் ரூம் ஓரம் மட்டும் பச்சை.

விதை எடுக்கப் போன கடைசித் தடவை ஆரோக்கியம் அண்ணன் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். சிவப்பு நூலில் நாலு காய், மஞ்சளில் மூன்று தேறின. நீலத்தில் ஆறு கட்டியிருந்தார், ஐந்தை ஈ குத்தி அழுக வைத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் போல அசிங்கமான காயை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பி, கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"பந்தலு போட்டுக் கோணக்காய் வளக்குறா மாரியம்மான்னு ஊரே சிரிக்குது," என்றார் அக்கா. "பறிக்கப் போறப்பல்லாம் கை துறுதுறுங்கும், அறுத்து எறிஞ்சிருவமான்னு. நூலு கட்டிருக்கே, என்ன செய்ய?"

பதினைந்து நாள் விதைக்கு இருந்தது அந்த ஒரு காய்தான். சோதனைக்குக் குறைந்தது மூன்று விதை வேண்டும். சூம்பின பக்கத்தில் விதையே இருக்காது, வீங்கின பக்கத்தில் ஏதாவது இருந்தால் உண்டு. வீங்கின பக்கத்தில் கத்தியை வைத்துக் கீறினேன். நாலு விதை, வெள்ளையாக, குண்டாக. ஒன்றொன்றாகக் குப்பியில் போட்டு நைட்ரஜனுக்குள் இறக்கினேன், சொய்ங் என்று சத்தம் கேட்டது. "கோணக்காய்க்கு வந்த வாழ்வப் பாரு!" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். திரும்பி வர பஸ்தான் என்றால், காலையிலேயே தெர்மாகோல் பெட்டியில் டிரை ஐஸ் வாங்கிக்கொண்டு போங்கள். நாகல் நகரில் கேனைத் திருப்பிக் கொடுக்கும்போது குப்பிகளைப் பெட்டிக்கு மாற்றிவிடலாம். பெட்டிக்குள் இருப்பது மீனா என்று கண்டக்டர் கேட்பார், இல்லை என்றால் போதும். கேனுக்குத் தடித்த கையுறை வேண்டும், செருப்பு போடாமல் ஷூ போடுங்கள். ஒட்டன்சத்திரம் லாரிக்குக் காய் ஏற்றுகிற நாளில் போகாதீர்கள், தோட்டத்தில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. தோட்டக்காரரிடம் பேசினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கொடியில் கை வைக்கிறவர் யாரோ அவரிடம் பேசுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், ஏன் என்றும் சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆர்.என்.ஏ. தரச் சோதனை முடிந்தது. மூன்று வயதும் தேறிவிட்டன, நீல நூல் உட்பட. முதலில் வழிகாட்டிக்குச் சொன்னேன், அடுத்து மாரியம்மாள் அக்காவுக்கு.

"கோணக்காயி பாஸாயிருச்சுக்கா!"

"அப்படியா! ரொம்ப சந்தோசம் டீச்சர்." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப, மிச்ச நூல அவுத்துறவா?"

"எந்த நூலுக்கா?"

"நீங்க வந்துட்டுப் போன பெறவு பூத்ததுக்கும் கட்டிருக்கேன்ல. சுப்பையா அண்ணன் தெனம் ஏசிக்கிட்டேதேன் இருக்காரு, கொடிய அறுக்கணும்னு. நாந்தேன் விடல. டீச்சரு இன்னும் அவுக்கச் சொல்லலன்னுட்டேன்."